பட்டாளத்துப் பத்திரிகையும் பெரியம்மாவின் கத்தரிக்கோலும்

பட்டாளத்துக்காரர் வீட்டில் வளர்ந்து இன்றைக்கு முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருக்கும் என் வயதுக்காரர்களே, அந்தப் பத்திரிகை உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதா? படைவீரர்களுக்கென்றே டில்லியிலிருந்து வருமே, சுருட்டி, நடுவில் பழுப்புக் காகிதப் பட்டை ஒட்டி? பெயரை நான் சொல்லப்போவதில்லை. சொன்னால் உங்களில் ஒருவர் எழுந்து, எங்கள் வீட்டுக்கும் வந்தது, அதில் என் மாமா படம்கூட வந்தது என்று தொடங்கிவிடுவார். இன்றைக்கு என் முறை. நீங்கள் பேசாமல் இருங்கள்.

முக்கூடலில் எங்கள் வீடும் பெரியப்பா வீடும் ஒரே வளவில், ஒரே முற்றத்தைப் பார்த்து இருந்தன. அப்பா அப்போது அஸ்ஸாம் பக்கம் பணியில் இருந்தார். அவருடைய அண்ணன், அதாவது என் பெரியப்பா, பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று வந்துவிட்டார். வந்தாலும் பட்டாளம் அவரை விட்டுப் போகவில்லை. பல் தேய்ப்பதற்குக்கூட ஒரு நேரம் வைத்திருந்தார். அந்த நேரத்தில் வேறு யாராவது வாய்க்கால் படியில் நின்றால் அவருக்கு முகம் கடுத்துவிடும்.

பத்திரிகையின் அட்டையில் விமானம் இருக்கும், கப்பல் இருக்கும், குடை விரித்துக் குதிப்பவர்கள் இருப்பார்கள். எதுவும் கிடைக்காத மாதத்தில் யாராவது ஒரு தளபதியின் முகம் இருக்கும். உள்ளே பதக்கம் வாங்கியவர்கள், கால்பந்தாட்டம், பென்ஷன் சந்தேகங்கள். ஒரு பக்கம் முழுக்க வீரர்களே எழுதி அனுப்பிய கவிதைகள். எல்லாக் கவிதையிலும் பனி பெய்யும், எல்லாக் கவிதையிலும் அம்மா வருவாள். அதன் அச்சு மைக்கு ஒரு தனி வாசனை உண்டு. மண்ணெண்ணெயும் புது செருப்பும் கலந்தாற்போல் இருக்கும். இன்றும் புதுச் செருப்புக் கடைக்குள் போனால் எனக்கு பெரியப்பா ஞாபகம்தான் வருகிறது.

அந்தப் பத்திரிகையின் சரித்திரம் எனக்கு மனப்பாடம். பெரியப்பா சோற்றுக்கு உட்கார்ந்தால் அதைச் சொல்லாமல் எழுந்திருக்கமாட்டார். அது வெள்ளைக்காரன் காலத்தில் வேறு பெயரில், வேறு மொழியில் பிறந்தது. பெரிய யுத்தத்தின்போது பாலைவனத்துக் கூடாரங்கள் வரைக்கும் போனது. சுதந்திரம் வந்த பிறகு பெயர் மாறியது. தமிழிலும் வந்தது. தான் பட்டாளத்தில் சேர்ந்த மாதத்திலிருந்து தமிழ் இதழ் ஒன்று விடாமல் தன் கறுப்பு டிரங்குப் பெட்டியில் இருக்கிறது என்பார். டிரங்கின் சாவி அவருடைய அரைஞாண் கயிற்றில் இருக்கும். குளிக்கும்போதும் கழற்றமாட்டார்.

இதில் முக்கியமான விஷயம், அந்த இதழ்களில் ஒன்றில் பெரியப்பாவே எழுதியிருந்தார். இளவயதில், வடக்கே மலைமேல், சண்டைக் காலத்தில். ஊர் முழுக்க இந்தச் செய்தி தெரியும். கட்டுரையைப் பார்த்தவர் ஒருவரும் கிடையாது.

பார்க்கவேண்டும் என்று விடாமல் கேட்டவர் கப்பற்படை அண்ணாச்சி. அவர் கடற்படையிலிருந்து ஓய்வு பெற்றவர். தரைப்படைக்காரர்கள் எல்லாம் மண் சுமந்தவர்கள் என்பது அவருடைய அபிப்பிராயம்.

"என்ன வே, ஒம்ம சண்டக் கட்டுரைய என்னைக்குத்தான் கண்ணுல காட்டப் போறீரு?" என்று டீக்கடை பெஞ்சில் வைத்துக் கேட்பார்.

"அது ராணுவ ரகசியம்வே."

"அச்சடிச்சு நாடு பூரா அனுப்புன ரகசியமாவே?"

பெரியப்பா டீயைப் பாதியில் வைத்துவிட்டு வந்துவிடுவார்.

இனி பெரியம்மா. அவள் வளவுப் பெண்களுக்கு ரவிக்கை தைத்துக் கொடுத்தாள். எங்கள் ஊரில் பாதிப் பெண்கள் பீடி சுற்றுகிறவர்கள். நாள் முழுக்க முறத்தை மடியில் வைத்துக் குனிந்து உட்காருகிறவர்களுக்கு முதுகில் பிடிக்காத ரவிக்கை வேண்டும். அது பெரியம்மாவுக்கு மட்டுமே கைவந்தது. ஒருத்தியின் அளவை ஒருமுறை எடுத்துவிட்டால் அதைக் காகிதத்தில் வெட்டி வைத்துக்கொள்வாள். முன்பக்கம் ஒன்று, முதுகு ஒன்று, கை ஒன்று. மேலே யாருடையது என்று பென்சிலால் எழுதி, நூலில் கோர்த்து ஆணியில் மாட்டிவிடுவாள். அடுத்த தீபாவளிக்கு அதைத் துணிமேல் வைத்து வெட்டினால் போதும்.

செய்தித்தாளில் வெட்டினால் ஆறு மாதத்தில் கிழிந்துவிடும். பட்டாளத்துப் பத்திரிகையின் தாள் நல்ல கனம். நடுவில் குத்திய பின்னைப் பிடுங்கி விரித்தால் ஒரு முதுகு கச்சிதமாக அடங்கும். இனி நான் சொல்ல வேண்டியதில்லை, நீங்களே ஊகித்திருப்பீர்கள்.

டிரங்குப் பெட்டிக்கு முன்னால் பெரிய பூட்டு. பின்னால் கீல் விட்டுப்போயிருந்தது. மூடியைப் பின்பக்கமிருந்து தூக்கினால் ஒரு கை நுழையும், அதுவும் சின்னக் கை. அப்போது மூன்றாம் வகுப்பு படித்த என் கை அதற்கு அளவெடுத்துச் செய்தாற்போல் இருந்தது. பெரியப்பா மாதம் ஒருநாள் பாளையங்கோட்டைக்கு, முன்னாள் வீரர்கள் கேன்டீனில் சோப்பும் பிஸ்கட்டும் வாங்கப் போவார். பஸ் ஆற்றுப் பாலத்தைத் தாண்டியிருக்கும் என்று தோன்றியதும் பெரியம்மா கூப்பிடுவாள்.

"ஏட்டி, பைய விடு கைய. கிழிச்சிராத."

எதை எடுப்பது என்பது என் பொறுப்பு. கப்பல் அட்டை, விமான அட்டை வந்தால் மனசு வராமல் உள்ளே தள்ளிவிடுவேன். தளபதி முகம் வந்தால் உருவிவிடுவேன். பெரியம்மா ஒரு வரி படிக்கமாட்டாள். பதக்கமும் பந்து விளையாட்டும்தானே என்று நேரே கத்தரிக்கோலை வைப்பாள். நான்கு வருஷம் இப்படி நடந்தது. வளவுப் பெண்களின் தோளிலும் கையிலும் இந்திய ராணுவத்தின் பழைய செய்திகள் பத்திரமாக இருந்தன.

நான் ஏழாம் வகுப்பில் இருந்தபோது பத்திரிகையில் ஓர் அறிவிப்பு வந்தது. பத்திரிகை தன்னுடைய சரித்திரத்தைத் தானே எழுதப்போகிறதாம். தமிழ்ப் பதிப்பின் பழைய இதழ்கள் சில அலுவலகத்தில் இல்லையாம், வைத்திருப்பவர்கள் எழுதவேண்டுமாம். பெரியப்பா அன்றைக்கே எழுதிப்போட்டார். 'என்னிடம் ஒன்று விடாமல் உள்ளது' என்ற வரிக்குக் கீழே கோடு போட்டார்.

இருபது நாளில் பதில் வந்தது. உதவி ஆசிரியர் ஒருவர் மதுரை வரைக்கும் வருகிறாராம், வருகிற சனிக்கிழமை முக்கூடலுக்கே வந்துவிடுவாராம். வேண்டிய இதழ்களின் பட்டியலும் இருந்தது. அதில் ஒரே ஓர் இதழுக்குக் கீழே அவர்களும் கோடு போட்டிருந்தார்கள். எப்படியாவது அது வேண்டும் என்று எழுதியிருந்தது.

அந்தக் கோட்டைப் பார்த்ததும் பெரியப்பா பேச்சு நின்றுபோனது. சரித்திரம் சொல்லாமல் சாப்பிட்டு எழுந்தார். திருட்டைக் கண்டுபிடித்துவிட்டார் என்று பெரியம்மாவும் நானும் நினைத்துக்கொண்டோம்.

மறுநாள் அவர் வெளியே போனதும் டிரங்கை இழுத்துத் தேடினோம். மூடியைத் தூக்க எனக்குக் கம்பி தேவைப்பட்டது, என் கை வளர்ந்துவிட்டது. கோடு போட்ட இதழ் உள்ளே இல்லை. ஆணியில் தொங்கிய காகிதங்களை ஒவ்வொன்றாகப் புரட்டினோம். பக்கத்தின் அடியில் மாதமும் வருஷமும் சின்னதாக அச்சிட்டிருக்கும். பீடிக் கடைக்காரர் மனைவியின் இரண்டு கையும் அந்த இதழ். இன்னொரு முன்பக்கமும் அதே. ஒரு முதுகு குறைந்தது. அது தலைமையாசிரியையுடையது என்று பெரியம்மாவுக்கு ஞாபகம் வந்தது. அவர் போன பொங்கலுக்குத் தங்கை வீட்டில் தைக்கவேண்டும் என்று அளவை வாங்கிக்கொண்டு போயிருந்தார்.

நான் அவர் வீட்டுக்கு ஓடினேன்.

"எதுக்குட்டி இப்ப என் அளவு?"

"டில்லிலேருந்து கேக்காங்க டீச்சர்."

உளறிவிட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். "டில்லில என் முதுக வச்சு என்னட்டி செய்யுதாங்க?" என்றார். நான் கையை நீட்டிக்கொண்டே நின்றேன். அளவைக் கொடுத்தார், ஆனால் அதற்குப் பிறகு அந்த வருஷம் முழுக்க என்னை ஒருமாதிரியாகப் பார்த்தார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் பெரியம்மா ஒப்புக்கொண்டுவிட்டாள்.

"அந்த இதழு பெட்டில இல்ல. நான்தான் வெட்டிட்டேன்."

"எதுக்கு?"

"ரவிக்கைக்கு."

"முழுசுமா?"

"முழுசும்."

வானம் இடிந்து விழும் என்று நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பெரியப்பா, "சரி விடு, போனாப் போவுது" என்றார். இன்னும் இரண்டு தோசை கேட்டார். அன்று இரவு அவர் விட்ட குறட்டை எங்கள் வீட்டுக்குக் கேட்டது. எவ்வளவு பெரிய மனசு என்று அம்மா வியந்தாள். நானும் வியந்தேன். எங்கள் வியப்பு எவ்வளவு அசட்டுத்தனம் என்பது மறுநாள் தெரிந்தது.

உதவி ஆசிரியர் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர், ஒல்லியான மனிதர், தோளில் தோல்பை. பஸ்ஸிலிருந்து இறங்கி வெயிலில் நடந்து வந்ததில் சட்டை நனைந்திருந்தது. அவர் வருவது எப்படியோ தெரிந்து கப்பற்படை அண்ணாச்சியும் வந்து நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். பெரியப்பா பூட்டைத் திறந்து இதழ்களை எடுத்து அடுக்கினார். இடையில் விட்டுப்போனவை எத்தனை என்று அப்போதுதான் அவருக்கே தெரிந்தது. ஒருமுறை பெரியம்மாவை நிமிர்ந்து பார்த்தார். அவள் சுவரைப் பார்த்தாள்.

"நாங்க கோடு போட்டிருந்தோமே சார், அது?" என்றார் வந்தவர்.

"அத மட்டும் கரையான் அரிச்சிட்டு சார்."

வந்தவருடைய முகம் விழுந்துவிட்டது. "அதுக்காகத்தான் சார் இவ்வளவு தூரம் வந்தேன். உங்க கடிதத்தை நம்பி வந்தேன்."

"ஒண்ணு விடாம இருக்குன்னு சொன்னாருல்லா" என்று கப்பற்படை அண்ணாச்சி எடுத்துக் கொடுத்தார். "அவரு எழுதுன சண்டக் கட்டுரையே அதுலதான் இருக்கோ என்னமோ."

புருஷனை ஊரார் முன்னால் பொய்யனாக விட்டுவிட பெரியம்மாவுக்கு மனசு வரவில்லை. தன் திருட்டு வெளியே தெரிந்தாலும் பரவாயில்லை என்று முடிவு செய்துவிட்டாள். உள்ளே போய் காகிதக் கட்டை எடுத்துவந்து வந்தவர் முன்னால் வைத்தாள். "கரையான் இல்ல சார். இங்கன இருக்கு" என்றாள்.

பெரியப்பா, "ஏ, அது வேண்டாம், அதக் கொண்டு உள்ள வை" என்று பதறினார். அவர் பதறி நான் பார்த்தது அன்றுதான்.

வந்தவர் காதில் வாங்கவில்லை. பாயில் மண்டியிட்டு உட்கார்ந்தார். தலைமையாசிரியையின் முதுகை நடுவில் வைத்தார், முன்பக்கத்தைப் பக்கத்தில் வைத்தார், பீடிக் கடைக்காரர் மனைவியின் கைகளை இரண்டு புறமும் பொருத்தினார். திருப்பிப்போட்டு மாற்றி வைத்தார். சட்டென்று, "கிடைச்சிட்டுது" என்று சத்தமாகத் தலைப்பைப் படித்தார்.

'பனிமலையில் மாவு புளிக்க ஒரு வழி.'

கப்பற்படை அண்ணாச்சி இரண்டு முறை கேட்டு உறுதி செய்துகொண்டார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். நாற்காலி கிறீச்சிட்டது. "இதானாவே ராணுவ ரகசியம்?" என்றார்.

"எவனோ எழுதியிருக்கான்" என்றார் பெரியப்பா. டிரங்குப் பெட்டியைப் பார்த்துத்தான் சொன்னார்.

வந்தவருக்கு இந்தச் சங்கதி ஒன்றும் தெரியாது. "யாரு எழுதினதுன்னு கண்டுபிடிக்கத்தான் சார் அலையறோம். இதுக்கு வந்த மாதிரி வேற எந்தக் கட்டுரைக்கும் கடிதம் வந்ததில்லன்னு எங்க பழைய ஆசிரியர் சொல்லுவார். குளிர்ல மாவு பொங்காம மாசக்கணக்கா ரொட்டி தின்னவங்க எல்லாம் எழுதியிருக்காங்க. அந்தக் கடிதங்கள் இருக்கு, கட்டுரைதான் இல்லை" என்றார். பிறகு விரலை வைத்துப் படித்தார். தான் கம்பளி ஸ்டோரில் காவலாக இருப்பதாகவும், கம்பளிக் கட்டுகளுக்கு நடுவே மாவுச் சட்டியை வைத்ததாகவும், மேலதிகாரிக்கு இது தெரியாது என்றும் எழுதியிருந்தது. அச்சில் வந்த பிறகு தெரிந்திருக்குமே என்ற யோசனை எழுதியவருக்கு வரவில்லை.

'உளுந்தை ஊறவைக்கும்போதே' என்று படித்துக்கொண்டு வந்தவர் நின்றார். அந்த இடத்தில் தலைமையாசிரியையின் கழுத்து வளைவு. மூன்று வரியைக் காணோம்.

"வெந்தயம் ஒரு பிடி அதோட சேத்து ஊறணும்" என்றாள் பெரியம்மா, கதவருகே நின்றபடி. "உப்ப முதல்ல போடக்கூடாது. பொங்குன பெறவு போடணும். வெறுங்கையால கலக்கணும், கரண்டி போடக்கூடாது."

வந்தவர் அடுத்த துண்டைப் பார்த்தார். அறுபட்ட வரியின் பின்பாதியாக 'கரண்டி போடக்கூடாது' என்று அங்கே இருந்தது.

"அம்மா இதைப் படிச்சிருக்கீங்களா?"

"இல்ல சார். இது நான் எழுதுனது."

பெரியம்மா மெதுவாகச் சொன்னாள். "கலியாணம் ஆன வருசம் லெட்டர்ல எழுதுனேன். இட்லி இல்லாமச் சாப்பிட முடியலன்னு எழுதியிருந்தாக. அப்படியே போட்டிருக்கு, என் வார்த்தை."

அவள் பெரியப்பாவைப் பார்த்த பார்வையை நான் என்ன சொல்ல. கோபமாக இருந்தால் எங்களுக்கு வசதியாக இருந்திருக்கும். தன்னுடையதைத் தன்னிடம் கேட்காமல் எடுத்து, தன் பெயரில் போட்டுக்கொண்டு, முப்பது வருஷம் பூட்டி வைத்திருந்திருக்கிறார் என்றுதான் அவள் நினைத்தாள். நாங்கள் எல்லாரும் அப்படித்தான் நினைத்தோம். கப்பற்படை அண்ணாச்சியின் சிரிப்பு நின்றுவிட்டது. பெரியப்பா தலையைக் குனிந்து அரைஞாண் சாவியைத் திருகிக்கொண்டிருந்தார்.

"கடைசிப் பத்தி இல்லையே" என்றார் வந்தவர். "எழுதினவர் பேரும் அதுலதான் இருக்கும். அடுத்த தாள் வேற யார்கிட்டயாவது இருக்குமா?"

பெரியம்மாவுக்கு அப்போதுதான் ஒன்று ஞாபகம் வந்தது. அப்புறம் அடுக்களைக்குப் போய், அலமாரியில் இருந்த தகர டப்பாவிலிருந்து ஒரு முதுகுக் காகிதத்தை எடுத்துவந்தாள். அதன்மேல் யார் பெயரும் எழுதியிருக்கவில்லை. தன் அளவுக்குப் பெயர் எழுதவேண்டிய அவசியம் அவளுக்கு இல்லை.

வந்தவர் வாங்கிப் படித்தார்.

'இந்த வழியைக் கண்டுபிடித்தவன் நான் அல்ல. முக்கூடலிலிருந்து கடிதத்தில் எழுதி அனுப்பியவள் என் மனைவி. கலியாணம் முடிந்து அவளோடு இருந்தது பதினோரு நாள். அவள் சொன்னபடி புளித்த மாவில் இங்கே எங்கள் கூடாரம் முழுக்கச் சாப்பிட்டோம். சாப்பிட்டவர்கள் அவளுக்கு நன்றி சொல்லும்படி கேட்டுக்கொண்டார்கள். அவள் பெயர்...'

அந்த இடத்தில் கை வைக்கும் வளைவுக்காகக் கத்தரிக்கோல் திரும்பியிருந்தது. முதல் எழுத்து மட்டும் மிச்சம் இருந்தது. கீழே பெரியப்பாவின் பெயரும் படை எண்ணும் முழுசாக இருந்தன.

"உங்க பேர் என்னம்மா?" என்று வந்தவர் நோட்டை எடுத்தார்.

பெரியம்மா சொன்னாள். அவர் எழுதிக்கொண்டார். அவள் பெரியப்பா பக்கம் திரும்பி, "ஒரு தடவ எங்கிட்ட காட்டியிருக்கலாம்லா" என்றாள்.

"எல்லாவனும் சண்டயப் பத்தி எழுதுனான்" என்றார் பெரியப்பா. "நான் கம்பளி எண்ணிட்டுக் கெடந்தேன். மாவப் பத்தி எழுதுனேன்னு ஊர்ல எந்த மூஞ்சிய வச்சுச் சொல்ல. சொல்லாம இருந்தேன், அப்புறம் மாத்திச் சொல்லிட்டேன். மாத்திச் சொன்ன பெறவு ஒங்கிட்ட எப்படிக் காட்ட?" பிறகு நிமிர்ந்து, வந்தவரிடம், "நான்தான் சார் எழுதுனது. எழுதிக்கிடுங்க. வழி அவளோடது" என்றார்.

கப்பற்படை அண்ணாச்சி என்ன சொல்லப்போகிறாரோ என்று எனக்குப் பக்கென்றிருந்தது. அவர் நாற்காலியைப் பெரியம்மா பக்கம் திருப்பிப் போட்டார். "உப்பு எப்பம்மா போடணும்னீங்க? எங்க வீட்டுல மார்கழில பொங்கவே மாட்டேங்கு" என்றார்.

சரித்திரம் வெளிவந்தது. தமிழ்ப் பதிப்புக்கு நான்கு பக்கம் ஒதுக்கியிருந்தார்கள், அதில் ஒரு பக்கம் மாவுக்கு. இரண்டு பெயரும் இருந்தன, அவள் பெயர் முதலில். அந்த இதழைப் பெரியப்பா டிரங்குக்குள் வைக்கவில்லை. டீக்கடைக்கு எடுத்துப்போய் பெஞ்சில் நின்று வாசித்தார். கம்பளி ஸ்டோர் என்ற இடத்தில் குரலை உயர்த்தினார் என்று கப்பற்படை அண்ணாச்சி வந்து சொன்னார்.

அந்தக் கட்டுரைக்கு அடியில் பொடி எழுத்தில் ஒரு குறிப்பு இருந்தது. கடைசிப் பத்தியின் மூலத் தாள் முக்கூடலிலேயே இருக்கிறது, கேட்டும் கிடைக்கவில்லை என்று. அது உண்மை. அந்தச் சனிக்கிழமை வந்தவர் தலைமையாசிரியையின் முதுகையும், முன்பக்கத்தையும், பீடிக் கடைக்காரர் மனைவியின் கைகளையும் மடித்துத் தோல்பையில் வைத்துக்கொண்டார். பெரியம்மாவின் காகிதத்துக்குக் கை நீட்டியபோது அவள் அதை மார்போடு பிடித்துக்கொண்டாள்.

"இது தர முடியாது சார். இது என் அளவு. இதக் குடுத்துட்டா நான் எத வச்சு வெட்டுவேன்?"

அந்த அளவு அவளுக்குச் சேராமல் போய் மூன்று வருஷம் ஆகியிருந்தது. வயிற்றில் செய்த ஆபரேஷனுக்குப் பிறகு உடம்பு போட்டுவிட்டாள். புது அளவு எடுக்க நாடாவின் மறுமுனையைப் பிடித்தவள் நான்தான். காலண்டர் தாளில் வெட்டிய புது அளவு ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது, வந்தவர் தலைக்கு நேர் மேலே. பெரியப்பா அதை ஒருதரம் பார்த்தார். பிறகு வந்தவரிடம் சொன்னார்.

"ஆமா சார். அது இல்லாம அவளுக்கு ரவிக்கை தைக்க முடியாது. கேக்காதீங்க."